விழித்த நேரத்தைக் கேளுங்கள்

"உமிழ்நீர் மாதிரிகள் காலை 8 மணிக்குச் சேகரிக்கப்பட்டன" என்ற ஒற்றை வரியோடு முறையியலை முடித்துவிடும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. இடுக்கி ஏலக்காட்டில் அந்த 8 மணி எல்லோருக்கும் ஒன்றல்ல. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வரும் பெண், சோறாக்கி வைத்துவிட்டுக் கிளம்ப இருட்டோடு எழுந்திருப்பார். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர் விடிந்த பிறகு எழுந்தால் போதும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், விழித்த 30 முதல் 45 நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு நாள் முழுவதும் இறங்கிக்கொண்டே போகும். இருவரிடமும் ஒரே நேரத்தில் உமிழ்நீர் வாங்கினால், லயத்துக்காரருக்கு அளவு கூடுதலாகத் தெரிய அதுவே போதும். அதைக் குடியிருப்பு நெருக்கடியால் வந்த மன அழுத்தம் என்று எழுதிவிடுகிறோம்.

விழிப்பு நேரக் கார்டிசாலுக்கான வல்லுநர் நெறிமுறை 2016-இலேயே வந்துவிட்டது. விழித்த நேரத்தையும் மாதிரி எடுத்த நேரத்தையும் கருவி வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது அது. கருவிக்குப் பணமில்லை என்பார்கள். முதல் ஆளை எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள் என்று ஜீப் ஓட்டுநரைக் கேட்கப் பணம் எதற்கு?

வெற்றிலையோடு போடும் புகையிலையையும் யாரும் குறிப்பதில்லை. நிக்கோட்டின் கார்டிசாலைத் தூண்டும். ஈறில் கசியும் ரத்தம் உமிழ்நீர் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டும். பெண்களின் குறைந்த டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு எதிர்ப்பொருள் சோதனையை நம்பவே முடியாது, நிறை நிறமாலைமானி வேண்டும்.

அளவீடு மட்டுமல்ல, ஆய்வின் வடிவமைப்பும் முக்கியம். காசர்கோட்டில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்த முந்திரித் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்த சிறுவர்கள் 117 பேரையும், ஒப்பீட்டுக்கு 90 பேரையும் ஆராய்ந்த கட்டுரை 2003-இல் வெளியானது. பருவமடைதல் தாமதமாகலாம், ஹார்மோன் உற்பத்தி குலையலாம் என்றது. எண்ணிக்கை சிறியது, பலர் பங்கேற்கவில்லை என்று அதன் ஆசிரியர்களே எழுதியிருந்தார்கள். அதன் முறையியலை ஒட்டியே கண்டனங்களும் எழுந்தன. முடிவு தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஏலமலையிலோ பாலக்காட்டு முதலமடை மாந்தோப்புகளிலோ பூச்சிமருந்தையும் ஹார்மோனையும் ஆராயப் போகிறவர், எத்தனை பேர், எந்தப் பகுப்பாய்வு என்பதை முதல் மாதிரிக்கு முன்பே பதிவு செய்துவிடட்டும். ஆக்ஸிடோசின் நம்பிக்கையை வளர்க்கிறது என்ற 2005-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முடிவே, 2020-இல் பெரிய எண்ணிக்கையில் மீண்டும் சோதித்தபோது நிற்கவில்லை.

அடுத்த இதழ் முதல் விழித்த நேரம், புகையிலைப் பழக்கம், மாதவிடாய் நாள், கருத்தடை மாத்திரை, சோதனை முறை ஆகிய விவரங்கள் இல்லாத கட்டுரைகள் மதிப்பீட்டாளரிடம் போகாமலே திரும்பும்.