செப்பேடு இல்லாத பள்ளிக்கூடங்கள்

சண்டை போட்டால் அபராதம்! ஆயுதத்தோடு சபைக்கு வரக்கூடாது! மொத்தம் 95 மாணவர்களுக்குத்தான் இடம்!

இது எந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம் தெரியுமா? 866-ஆம் ஆண்டில், முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் நடந்த பள்ளிக்கூடத்தின் சட்டம். இன்று அந்த ஊரின் பெயர் பார்த்திவபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே பெருமாளுக்கு ஒரு கோயில் கட்டினான். கோயிலோடு சேர்த்து, வேதம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சாலையும் வைத்தான். சாலை என்றால் இங்கே ரோடு அல்ல. மாணவர்கள் தங்கி, உண்டு, படிக்கும் இடம்.

கோயில் இன்றும் இருக்கிறது. சாலை என்றைக்கோ மறைந்துவிட்டது. ஆனால் அதில் எத்தனை பேர் படித்தார்கள், எதற்கு அபராதம் என்பதெல்லாம் 1,100 ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. காரணம், மன்னன் அவற்றைச் செப்பேட்டில் வெட்டி வைத்தான். அந்தச் செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் பத்திரமாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்பொருள் அறிஞர் கோபிநாத ராவ் அதைப் படித்து அச்சிட்டார்.

செப்பேடு மன்னர் வைத்த பள்ளிக்கு. நம் தாத்தாவும் பாட்டியும் படித்த பள்ளிக்கூடத்துக்கு எது?

ஒரே ஒரு பழைய நோட்டுப் புத்தகம்! தலைமை ஆசிரியர் அறை அலமாரியில், அடித்தட்டில் கிடக்கும் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விட்டுப்போன நாள். அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் அதன் மதிப்பு செப்பேட்டுக்குக் குறைந்தது அல்ல.

ஏன் என்று கேட்கலாம். பார்த்திவசேகரபுரத்துச் சாலையின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அதன் பிறகும் பல நூறு ஆண்டுகள் குமரி நாட்டில் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டாக்கனியாகவே இருந்தது. பனையேறியின் மகனும், வயலில் நாற்று நட்டவளின் மகளும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது மிகவும் பின்னால்தான். அவர்கள் கால் வைத்த நாளை எந்த மன்னனும் செம்பில் வெட்டி வைக்கவில்லை. பள்ளி வாத்தியார் மை தொட்டு எழுதினார். அந்த ஒரு வரிதான் சாட்சி.

1809-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அது கல்லூரி ஆனது 1893-ல். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். அந்தப் பள்ளியில் லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்களும் உண்டு. எப்பேர்ப்பட்ட மாணவிகள்!

இந்தச் செய்திகள் தெரிய வந்தது எப்படி? பாதிரிமார் சீமைக்குக் கடிதம் எழுதினார்கள். லண்டன் மிஷனரி சங்கம் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. இன்று அவை லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு நூலகத்தில் இருக்கின்றன. நாகர்கோவில் பெண்ணின் கதையைத் தேட லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் தேடலாம் என்றால் அதிலும் சிக்கல். 1956 நவம்பர் 1-ல்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னே சர்க்கார் திருவனந்தபுரத்தில் இருந்தது. கல்வி இலாகாவின் தலைமை அலுவலகமும் அங்கேதான். ஆகவே பழைய பள்ளிக்கூடங்களின் கதை மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. உள்ளூரில் மிஞ்சியிருப்பது அந்த அலமாரி ஒன்றுதான். அதையும் கறையானுக்கு விடலாமா?

ஆசான்மார் நடத்திய குடிப்பள்ளிக்கூடங்களுக்கு இந்தப் பதிவேடுகூடக் கிடையாது. மணலில் விரல் வைத்து எழுதப் பழகிய அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் போயே போய்விட்டன.

பழைய மாணவர்கள் இப்போது அடிக்கடி கூடுகிறார்கள். ஒரே நிறத்தில் சட்டை, பிரியாணி, போட்டோ! பள்ளிக்குக் கடிகாரம், பீரோ, பெஞ்சு வாங்கிக் கொடுக்கிறார்கள். 2022-ல் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் மூலமும் பழைய மாணவர்கள் உதவலாம். எல்லாம் நல்ல காரியமே. ஆனால் சுவருக்கு வெள்ளையடிக்கும் உற்சாகத்தில், முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர் எழுதிய பழைய பலகைக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன செய்வது?

சுவரைப் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறது, நிர்வாகம் இருக்கிறது. நினைவைப் பார்த்துக்கொள்ளப் பழைய மாணவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் பள்ளிக்கு ஒரு ஆவண அறை வைக்க வேண்டும். தனி அறை கிடைக்காவிட்டால், ஈரம் படாத ஒரு இரும்பு அலமாரி போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய காகிதங்களைச் சங்கச் செயலாளர் தம் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளக் கூடாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். மூலம் பள்ளியில் இருக்கட்டும். செல்போனில் படம் பிடித்த நகல் நாலு பேரிடம், நாலு ஊரில் இருக்கட்டும்.

நாலு ஊர் எதற்கு? 2004 டிசம்பர் 26-ல் குளச்சல் கடற்கரையில் நடந்ததை மறந்துவிட முடியுமா? வீடுகளோடு அலமாரிகளையும் கடல் கொண்டுபோனது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. அந்த அடியைப் பட்ட ஈழத் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. 2005-ல் ‘நூலகம்’ என்ற பெயரில் மின்னணு நூலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். தன்னார்வத் தொண்டர்கள் பழைய ஏடுகளைத் தேடித் தேடிப் படமெடுத்துச் சேர்க்கிறார்கள். பள்ளிக்கூட ஆண்டு மலர்களும் அதில் இருக்கின்றன! குமரி மாவட்டத்துப் பழைய மாணவர்களுக்கு இது முடியாத காரியமா?

வேலை பெரிதும் அல்ல. பழைய குரூப் போட்டோவை எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் உள்ளவர்களைத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பெயர்களை வரிசையாகத் தனித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். படத்தின் பின்னால் எழுதினால் பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். கிழிந்த பதிவேட்டுக்குச் செலோடேப் ஒட்டக் கூடாது. லாமினேஷன் கடைக்கும் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் நாளடைவில் காகிதத்தைத் தின்றுவிடும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது.

பதிவேட்டில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதை ஊர் முழுக்கப் பரப்பினால் வம்பு வரும். பதிவேட்டைப் பார்க்க விரும்புகிறவர் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தைக் கிழித்தெறிவதும் தவறு. எந்த ஆண்டில் யாருக்கு வாசல் திறந்தது என்று நாளைக்கு எழுதப்போகிறவருக்கு அது தேவை.

இன்னொரு தவறும் நடக்கிறது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். புரட்டினால் கலெக்டர், டாக்டர், என்ஜினியர் படங்கள்தான்! ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், வலை பின்னப் போனவர், கல்யாணத்துக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண் ஆகியோரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அல்லவா? எதற்காக நின்றார்கள் என்பதுதான் அந்த ஊரின் உண்மையான கதை.

1876-ல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு பள்ளி ஆசிரியர். பாட்டு எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கல்வெட்டுகளைத் தேடிப் படித்தார். பார்த்திவசேகரபுரத்துக்கு மாதிரியாக இருந்த காந்தளூர்ச் சாலையைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். அவருக்குக் கல்லும் செம்பும் கிடைத்தன. இனி வருகிறவருக்குக் காகிதமாவது கிடைக்க வேண்டும்.

காகிதத்தில் ஏறாத செய்திகளும் இருக்கின்றன. 80 வயதைக் கடந்த பழைய மாணவர்களைப் பேசவிட்டு, அவர்கள் குரலைச் செல்போனில் பதிந்து வைக்கலாம். அடுத்த முறை கூடும்போது அவர்களோடு இன்னொருவரையும் அழைக்க வேண்டும். அவர், 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்த காலத்தில் அந்தப் பள்ளியில் சோறு ஆக்கிப் போட்ட ஆயா. எந்தப் பிள்ளை காலையில் பட்டினியோடு வந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருக்குத் தெரியும்.