கிறுக்கு வரகும் மாமாவின் நோட்டும்

போன மாதம் கொடைக்கானலுக்குப் போய் வந்த என் பேரன், "தாத்தா, அங்கே ஒருத்தன் வந்து காளான் வேணுமான்னு கேட்டான்" என்றான். வாங்கவில்லை என்றும் சொன்னான். நான் நம்பினேன், என் மகள் நம்பவில்லை. ஒரு மணி நேரம் வீடு இரண்டுபட்டது. கடைசியில், "இந்தப் பேச்சே இனி இந்த வீட்டில் கூடாது" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு ஒத்துப்போகாதது அந்தக் கடைசி வார்த்தைதான். அந்தப் பேச்சு வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்ல என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். வரகு, கம்பு, மல்லாட்டை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் தலையைச் சுற்ற வைக்கும் செடி, விதை, பூஞ்சணம் எதுவானாலும் அதன் ஜாதகம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். அவருக்குப் பத்து வயதில் வீட்டில் ஒருநாள் வரகுச் சோறு. சாப்பிட்ட அத்தனை பேருக்கும் கை நடுக்கம், வாந்தி, நிற்க முடியாத கிறக்கம். பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். கிறுக்கு வரகு என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

"அதே கொல்ல, அதே விதை. போன வருசம் ஒண்ணும் பண்ணல. இந்த வருசம் மட்டும் ஏன்டா மருமவனே?" இந்த ஒரு கேள்வியை அறுபது வருஷம் வைத்திருந்தார். அறுப்பு சமயத்தில் மழை பெய்ததா, கதிர் ஈரத்தோடு போரில் கிடந்ததா, எந்த மாட்டுக்கு முதலில் தள்ளாடியது என்று வருஷாவருஷம் நீள நோட்டில் பென்சிலால் எழுதுவார். அவர் சந்தேகப்பட்டது சரிதான். வரகு மணியில் வளரும் பூஞ்சணம் சுரக்கும் சைக்ளோபியசானிக் அமிலம்தான் அந்தக் கிறுக்கு. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கர் காட்டில் வரகு மேய்ந்த 10 யானைகள் செத்த செய்தியைப் படித்தபோது எனக்கு மாமா ஞாபகம்தான். அவர் இருந்திருந்தால் முதல் கேள்வி, "மழையா?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

அதை நிச்சயமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை என்னிடம் அப்படித்தான் கேட்டார். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் ஆசிரியர் ஒருவர் 'பேன் மோதி', சாபம் பிடித்த ரொட்டி, கதையைச் சொன்னார். 1951 ஆகஸ்டில் ரோன் நதிக்கரையில் போன்-சேன்-தெஸ்ப்ரி என்ற சிற்றூரில் ரொட்டி தின்ற இருநூறு பேருக்கு மேல் புத்தி பேதலித்துப் போனது. சிலர் செத்தார்கள். கம்பில் நாம் தேனொழுகல் என்கிறோமே, அந்த இனத்து நோய் அங்கே ரை தானியத்தில் வரும், அதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது பெருமையாக இதை மாமாவிடம் அளந்தேன். கேட்டுவிட்டு, "அந்த வருசம் அங்க மழையா?" என்றார். எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

ஊமத்தை அவருக்கு இன்னொரு பித்து. கொல்லை வேலி ஓரத்தில் தானாக முளைத்ததைப் பிடுங்க விடமாட்டார். உன்மத்தம் என்ற சொல்லே தேய்ந்து ஊமத்தை ஆனது. தேவாரத்தில் சிவன் சூடும் மத்தமும் இதுதான். ஆறாத புண்ணுக்கு இதன் இலைச்சாற்றில் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலத்தை என் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு தணியும் என்பதை மெட்ராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கண்டு சொல்ல, 1802 வாக்கில் அந்த வழக்கம் எடின்பரோவுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது எத்தனை பேருக்குத் தெரியும்? பாரீஸில் எழுத்தாளர் மர்செல் புரூஸ்த் இழுப்புக்காகப் புகைத்த எஸ்பிக் சிகரெட்டில் இந்த இனத்து இலைகள்தான். நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவோ இலை எது, விதை எது, எது ஆளை விழுத்தும் என்று வேலியோரத்தில் நின்றபடி சொல்வார். விதைக்கு மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

"நீங்க தின்னு பாத்திருக்கீங்களா மாமா?"

"பாம்பப் பத்தித் தெரிஞ்சிக்க கடி வாங்கணுமாடா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கஞ்சா ஒருவாட்டி. சாமியார் ஒருத்தர் குடுத்தாரு. பசி எடுத்துச்சி, தின்னுட்டுத் தூங்கிட்டேன்" என்றார். பாக்கு மட்டும் தினமும் போடுவார். சொருக்கும் பாக்கைக் கண்டால் அதற்கும் நோட்டில் ஒரு வரி. போதையின் சொர்க்கங்களைப் பற்றி போத்லேர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், 1860இல். வாலிபத்தில் அதை நான் பைபிள் மாதிரி வைத்திருந்தேன். இப்போது யாராவது கேட்டால் மாமாவின் நோட்டுதான் மேல் என்பேன்.

அந்த நோட்டுகள் இன்று இல்லை. எரித்தவன் நான்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கஞ்சாச் செடி வைத்திருந்தார். மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் கொடுக்க. 1985 நவம்பர் 14 முதல் போதைப் பொருள் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. அப்போது கஞ்சா பயிர் செய்தால் 5 வருஷம் வரை கடுங்காவல். நான் அரசாங்க எழுத்தர். சட்டத்தைத் தட்டச்சில் படித்தவனுக்குப் பயமும் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இரண்டு செடியையும் பிடுங்கிக் கொளுத்தினேன். அதோடு நிற்கவில்லை. செடிகளின் பேரும் அளவும் எழுதியிருந்த மூன்று நீள நோட்டுகளையும் நெருப்பில் போட்டேன். என் பெயர் எங்காவது அடிபடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. மாமா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "செடிய எரிச்ச, சரி, சர்க்கார் சட்டம். நோட்டு என்னடா பண்ணிச்சி?" என்றார். அதற்கு அப்புறம் என்னிடம் செடி பற்றி அவர் பேசவே இல்லை.

அவர் போன சில வருஷங்களில், அவருடைய கொள்ளுப் பேத்தி, ஆறு வயது, சொப்பு வைத்து விளையாடும்போது முள்ளுக்காயை உடைத்து அதன் விதையைச் சோறு என்று தின்றுவிட்டது. முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காற்றில் எதையோ பொறுக்குவது மாதிரி கையை ஆட்டி, பெற்ற தாயையே யாரென்று கேட்டது. காத்துக் கறுப்பு என்று பூசாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேப்பிலை, திருநீறு, பொழுது சாய்ந்துவிட்டது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அங்கே வயதான நர்ஸம்மா ஒருவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தவுடன், "ஊமத்தங்காய் தின்னுச்சா?" என்று கேட்டார். பிள்ளை பிழைத்தது. மாமாவின் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தது எனக்கு இன்றும் மனப்பாடம்: கண்மணி பெரிசாகி வாய் உலர்ந்தால் ஊமத்தை, மோர் ஊத்தி நேரம் போக்காதே, வண்டி கட்டு. அந்த வீட்டில் அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் நாலைந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

சட்டம் செடியைத்தான் தடுத்தது. அதைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. இரண்டையும் குழப்பியது என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டால் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன்தான் பிள்ளைகளுக்கு வாத்தியார். கிராமத்துப் பள்ளியில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வேலியோரம் கூட்டிப் போய் ஊமத்தை, அரளி, எட்டி, ஆமணக்கு எது என்று காட்டச் செலவு ஒன்றும் இல்லை.

காளானைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோ மலைக்காளானை ரொஜே ஏம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாரீஸ் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். 1958இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். இன்று வெளிநாடுகளில் மனச்சோர்வுக்கு அதை மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த மலையில் இந்தக் காளானை வைத்து நோயாளிகளுக்குச் சடங்கு செய்த மரியா சபினா என்ற ஏழைப் பெண்ணின் கதியையும் சொல்ல வேண்டும். 1957இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை எழுதப்போக, வெளியூர் வாலிபர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். போலீஸ் வந்தது. ஊரார் அவள் வீட்டையே கொளுத்தினார்கள். நம் கொடைக்கானல் மலைக்காரர்களை நினைத்தால் எனக்கு அந்தக் கவலைதான். முகம் தெரியாதவன் பொட்டலத்தில் தரும் காளான் எது என்று அவனுக்கே தெரியாது. சாணத்தில் முளைத்ததைக் காலால்கூடத் தொடாதே என்பார் மாமா. அவர் தின்றது மழைக்குப் பின் வரும் புற்றுக்காளான் மட்டும். அதையும் தன் கையால் பிடுங்கினால்தான்.

இரண்டு வாரமாக ஒரு நீள நோட்டு வாங்கி, மாமா எழுதியதில் ஞாபகம் வருவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. அளவுகளை மட்டும் எழுதவில்லை, அவை எனக்கு நினைவில்லை. நேற்று மகள் காப்பி கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள். ஊமத்தைப் பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"இந்த முள்ளுக்காய் நம்ம தெரு முனை காலி மனையிலேயே இருக்கேப்பா?"

"இருக்கு" என்றேன்.