மயான காண்டத்தில் குற்றவாளி யார்?

பேரையூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கங்களில் கோவில் திருவிழா என்றால் நாடகம் வேண்டும். அதிலும் அரிச்சந்திரா என்றால், மழையில்லை, கடன் தீரவில்லை என்று பகலெல்லாம் புலம்பின ஜனங்கள், இரவெல்லாம் கண்விழித்து, சந்திரமதியோடு சேர்ந்து அழுதுவிட்டு விடிந்த பிறகே வீடு திரும்புகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மதுரையில் நாடகம் வளர்த்த காலம் போய் எத்தனையோ மாறியும், இந்த அழுகை மட்டும் மாறவில்லை. அழ வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அழுது முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறோம். அந்தப் பிள்ளை செத்ததற்கு ஜவாப்தாரி யார்?

கதையைப் பாருங்கள். வசிஷ்டனோடு பந்தயம் கட்டினவன் விசுவாமித்திரன். நாட்டைப் பிடுங்கினது போதாதென்று, இன்னும் பொன் பாக்கி என்று சொல்லி, வசூலுக்கு நட்சத்திரேசனை ஏவினவனும் அவனே. அந்தப் பாக்கிக்காகப் பெண்டாட்டியும் பிள்ளையும் காசியில் விலை போகிறார்கள். வாங்கின காலகண்டய்யர் வீட்டு வேலையாகப் பாலகன் தர்ப்பைக்குக் காட்டுக்குப் போய்ப் பாம்பு கடித்துச் சாகிறான். சேதி வந்த பின்னும், வேலையை முடித்துவிட்டுப் போ என்பதே தாய்க்குக் கிடைத்த உத்தரவு. பிணத்தோடு சுடலைக்கு வந்தால், முழத்துண்டும் காற்பணமும் எடு என்கிறார்கள். அந்தச் சட்டம் போட்டவன் சுடலையின் எஜமான். ஆனால் தாயின் ஆத்திரமெல்லாம் யார்மேல் விழுகிறது? கையில் கம்போடு நிற்கும் அடிமையின்மேல்! அப்புறம் காசிராஜன் பிள்ளையைக் கொன்றவள் என்று அவளையே பிடிக்கிறார்கள். தீர்ப்புச் சொன்னவன் அரண்மனையில் இருக்கிறான். வெட்ட வேண்டியவன் அடிமை; வெட்டுப்பட வேண்டியவள் வேலைக்காரி.

கடைசியில் கத்தி மாலையாகிறதாம், தேவர்கள் வருகிறார்களாம், எல்லாம் சோதனை என்கிறார்களாம். சோதனை என்ற ஒரே வார்த்தையில் விசுவாமித்திரன் கணக்குத் தீர்ந்துவிட்டது. மேலே இருப்பவன் செய்தால் சோதனை, கீழே இருப்பவன் செய்தால் குற்றம் என்பதல்லாமல் இதற்கு வேறு அர்த்தமென்ன?

சத்தியத்தின் மேன்மையைச் சொல்லும் கதையல்லவா என்று சிலர் சொல்லலாம். சத்தியம் நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் கடன்பட்டவனுக்கு மட்டும் சத்தியம், கடன் சுமத்தினவனுக்கு ஒன்றுமில்லை என்றால், அது யாருக்கு லாபம்?

வேறு விதமாகவும் நாடகம் எழுதலாம் என்பதற்கு அத்தாட்சி உண்டு. ஆங்கில ஆசிரியர் பிரீஸ்ட்லி எழுதி, 1945இல் சோவியத் ருஷ்யாவில் முதலில் ஆடப்பட்ட நாடகமொன்றில், ஓர் ஏழைப் பெண் விஷம் குடித்துச் சாகிறாள். இன்ஸ்பெக்டர் ஒருவர் பணக்கார வீட்டுக்குள் நுழைந்து, கூலி உயர்த்திக் கேட்டதற்காக அவளை நீக்கின ஆலை முதலாளி தொடங்கி, வீட்டார் ஒவ்வொருவரிடமும், இந்தச் சாவில் உன் பங்கு என்ன என்று கேட்கிறார். நம் தமிழிலும், அண்ணாதுரை எழுதி 1949இல் படமாகவும் வந்த 'வேலைக்காரி'யில், கடன்காரன் தூக்குப் போட்டுக்கொண்டதற்கு அவன் தலைவிதி ஜவாப்தாரியல்ல, வட்டி வாங்கின வேதாசல முதலியாரே ஜவாப்தாரி என்று காட்டப்பட்டது.

கொட்டகையோடு போகிற சங்கதியா இது? கிணறு வெட்டும்போது மண் சரிந்து கூலிக்காரன் செத்தால், அவன் ஆயுசு அவ்வளவுதான் என்கிறோம். கயிறும் சாரமும் சரிபார்க்காதவனை ஒருவரும் கேட்பதில்லை. எஜமானி நகை காணவில்லையென்றால், முதலில் உதறிப் பார்ப்பது வேலைக்காரியின் மடியைத்தான். கடனுக்காக மனிதரை அடிமை கொள்வது குற்றமென்று 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பார்த்தால், சந்திரமதியும் பிள்ளையும் போன வழிக்கு விசுவாமித்திரனும் காலகண்டய்யரும் கூண்டில் ஏற வேண்டியவர்கள். நாமோ மாலை போட்டு அனுப்புகிறோம்.

ஆகவே தோழர்களே, அடுத்த திருவிழாவிலும் நாடகம் பாருங்கள். ஆனால் சுடலைக்காவல்காரனைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவனை அங்கே நிறுத்தினவன் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். மறுநாள் காலையில் களத்துமேட்டிலும் அதையே கேளுங்கள்.