நாற்பது பேருக்கு ஒரு கூரை

அந்தமானில் கராச்சர்மாவில் இருக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கடந்த ஆண்டு ஒரு சின்னக் காரியத்தில் இறங்கினார். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும். சம்பளம் வேண்டாம், புத்தகங்களும் கைவசம் இருந்தன. இடம்தான் இல்லை.

நானும் அவரும் ஒரு மண்டபத்துக்குப் போய் விசாரித்தோம். "காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு வரைக்கும்தான் சார் வாடகை. அதுக்குக் குறைஞ்சு கொடுக்கறதில்லை" என்றார் பொறுப்பாளர். ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவு, நாற்காலி எல்லாம் தனிக் கணக்கு. முகூர்த்த நாளென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். அறுநூறு பேர் உட்காரும் இடத்தை நாற்பது பேருக்காக ஒரு முழு நாள் எடுக்க வேண்டும். நண்பர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"மரத்தடியில் நடத்தலாமே" என்று சென்னையில் இருப்பவர் கேட்கலாம். இது அந்தமான். மே மாதம் பிடிக்கும் மழை இரண்டு பருவக்காற்றுகளிலும் மாறி மாறிப் பெய்து டிசம்பர் வரை நீளும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். இங்கே கூரை இல்லாமல் கூட்டம் இல்லை.

மண்டபக்காரரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. திருமணங்களை நம்பித்தான் அவர் கட்டடம் கட்டியிருக்கிறார். சிமெண்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டிய ஊர் இது. வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பொது வழிபாட்டுத் தலங்களின் மண்டபங்களுக்கு மட்டும், நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் விலக்கு அளித்தார்கள். சின்னக் கூட்டங்களுக்குக் கோயில் மண்டபம் கைகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லா மதத்தவரும் வந்து உட்காரும் வகுப்பை எந்தக் கோயிலில், எந்தத் தேவாலயத்தில் நடத்துவது என்று நண்பர் யோசித்தார். அந்த யோசனை நியாயமானதுதான்.

கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதை நம்மவர்கள் எப்போதோ உணர்ந்திருந்தார்கள். சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு 1883-ல் அஸ்திவாரம் போட்டது, ஊர்ப் பிரமுகர்கள் திரட்டிய நன்கொடையை நம்பித்தான். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே பேசினார். அரண்மனைக்கும் கோயிலுக்கும் வெளியே, ஜனங்கள் கூடுவதற்கென்றே எழுந்த கட்டடம் அது. பிறகு வந்த காலத்தில் நாம் கல்யாண மண்டபங்களாகவே கட்டித் தள்ளினோம்.

பெர்லின்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அங்கே 1967-ல் பீர் உற்பத்தியை நிறுத்திய ஒரு பெரிய ஆலையின் கட்டடங்களில் இன்று நாடகமும் இசையும் கூட்டங்களும் நடக்கின்றன. 2008-ல் மூடப்பட்ட டெம்பிள்ஹாஃப் விமான நிலையத்தின் கொட்டகைகளைக் கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். பத்துப் பேர் பேச ஓர் அறை வேண்டுமென்றால் அதை மணிக்கணக்கில் எடுக்கலாம். 2015-ல் அகதிகள் வந்து குவிந்தபோது அதே விமானக் கொட்டகைகளில்தான் அவர்களுக்குப் படுக்கை போட்டார்கள்.

இதை அந்தமானுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோது பிழைத்து வந்தவர்களை ஏற்றுக்கொண்டவை பள்ளிக்கூடங்களும் பொதுக் கட்டடங்களும்தான். நல்ல நாளில் கூட்டம் நடக்கும் இடம் கெட்ட நாளில் அடைக்கலம் தருகிறது. அப்படிப்பட்ட இடத்தை வெறும் வாடகை வரவாக மட்டும் பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளை மின்சாரச் செலவுக்கும் துப்புரவுக்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடலாம். பொதுப் பணத்தில் கட்டிய சமூகக் கூடங்களுக்கு நாள் வாடகையோடு மணி வாடகையும் நிர்ணயித்து வாசலில் பலகையில் எழுதி வைக்கலாம். யாருக்கு எந்தத் தேதி ஒதுக்கப்பட்டது என்ற பதிவேட்டை யாரும் பார்க்க அனுமதிக்கலாம். சிபாரிசுக்கு அப்போது வேலை இருக்காது.

பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவில் இந்தியில் விளையாடுகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. இந்தத் தீவுகளைச் சேர்த்துக் கட்டும் மொழி அதுதான். ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தை அவர்களால் படிக்க முடியவில்லை என்றால் அது இழப்புதான். நண்பருக்கு அந்தக் கவலை.

இப்போது வகுப்பு அவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. நாற்பது பேருக்கு அங்கே இடம் போதாது. பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். மழை வலுத்தால் தகரக் கூரையின் இரைச்சலில் அவர் குரல் எடுபடுவதில்லை. அப்போது பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, மழை ஓயும்வரை காத்திருக்கிறார்.