தரையைத் தொட வந்த விமானம் ஏன் மறுபடி மேலே பறக்கிறது?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயலன்று அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் சென்னை ஓடுபாதைக்கு மேலே காற்றில் ஆடி ஆடி இறங்கும். சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது சட்டென்று மேலே ஏறிப் போய்விடும். 'நூலிழையில் தப்பிய பயணிகள்' என்று ஃபார்வர்டு பறந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித் தலைப்பு வைக்கத்தான் கை பரபரத்தது.

ஆனால், அது கடைசி நொடி சாகசம் இல்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலேறுவதற்கு 'கோ-அரவுண்ட்' என்று பெயர். ஏறிய பிறகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்து வைத்திருப்பதுதான் 'மிஸ்டு அப்ரோச்'.

அந்தப் பாதை எஃப்.எம்.எஸ் எனும் ஃப்ளைட் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தில் இருக்கிறது. விமானத்துக்கு வழிகாட்டும் கம்ப்யூட்டர் அது. நம் போன் மேப் மாதிரிதான், 28 நாளுக்கு ஒருமுறை அப்டேட் உண்டு. எந்த ஓடுபாதை, எந்த முறையில் இறங்கப்போகிறோம் என்று விமானி தேர்வு செய்ததுமே, இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய பாதையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏர்பஸ் திரையில் அது நீலக் கோடாகக் காத்திருக்கும். கோ-அரவுண்ட் தொடங்கியதும் பச்சையாகிவிடும். இறங்கும் முன்பே இரண்டு விமானிகளும் அதைச் சரிபார்த்துப் பேசி வைத்துக்கொள்வார்கள். ஊருக்குக் கிளம்பும்போதே 'பஸ் கிடைக்கலைன்னா ரயில்ல போயிடலாம்' என்பாரே அப்பா, அந்த மாதிரி!

மேலேற வேண்டுமென்றால், ஏர்பஸ்ஸில் இன்ஜின் லீவரை முன்னால் முழுக்கத் தள்ள வேண்டும். போயிங்கில் லீவரிலேயே 'டோகா' என்ற பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் லீவர் தானாகவே நகரும். அடுத்து இறக்கையின் ஃப்ளாப்பைக் கொஞ்சம் உள்ளே இழுப்பார்கள். விமானம் ஏறுவது உறுதியானதும் சக்கரமும் உள்ளே போகும்.

அப்படியென்றால் எல்லாம் தானாகவே நடந்துவிடுமா?

2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து 300 பேருடன் துபாய் போன எமிரேட்ஸ் 521, போயிங் 777 விமானம். காற்று திசை மாறிக்கொண்டிருந்ததால் ஓடுபாதையில் ரொம்பத் தள்ளித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. தொட்டதே விமானிகளுக்குத் தெரியவில்லை. கோ-அரவுண்ட் என முடிவெடுத்த கேப்டன் டோகா பட்டனை அழுத்தினார். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் அந்த பட்டன் வேலை செய்யாது. அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். லீவர் நகரவில்லை, இன்ஜினும் வேகமெடுக்கவில்லை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. இருந்த வேகத்திலேயே விமானம் சுமார் 85 அடி எழும்பியது, சக்கரம் உள்ளே போகத் தொடங்கியது. லீவரைக் கையால் தள்ளியபோது தரையில் மோத மூன்றே நொடிதான் பாக்கி. வயிற்றுப் பகுதி தரையில் உரசி, சறுக்கி, தீப்பிடித்தது. 300 பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். காப்பாற்ற வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்துபோனார்.

பட்டனை அழுத்தியதும் லீவர் நகர்ந்ததா, இன்ஜின் சக்தி கூடியதா என்று ஒரு பார்வை. அன்று அது மட்டும்தான் விடுபட்டது. மேலே போகும் பாதை கம்ப்யூட்டரில் எவ்வளவு பக்காவாக இருந்தாலும், ஏறுவதற்கு இன்ஜின்தானே வேண்டும்?

நீங்கள் போகும் விமானம் இப்படித் திடீரென ஏறினால், இன்ஜின் சத்தம் காதைக் கிழிக்கும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களுக்கு அறிவிப்பே வராமல் போகலாம். பயப்படாதீர்கள். முதலில் விமானத்தை ஓட்டுவது, அடுத்து பாதை, அப்புறம்தான் பேச்சு என்பதுதான் விமானிகளின் வரிசை. எரிபொருளைப் பற்றியும் கவலை வேண்டாம். மாற்று விமான நிலையத்துக்குப் போய், அதற்குமேல் அரை மணி நேரம் பறக்கவும் கையிருப்பு வைத்துத்தான் கிளம்புகிறார்கள்.