வெளியேற வெள்ளை, மற்ற நிறங்கள் எதற்கு?

2018 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பார்க்லேண்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்தார்கள். சூட்டில் கிளம்பிய புகையும் தூசியும் டிடெக்டரை எட்ட, ஃபயர் அலாரம் அடித்தது. அன்று காலைதான் அந்தப் பள்ளியில் தீ ஒத்திகை நடந்திருந்தது. மூன்றாவது தளத்து மாணவர்கள் பலர், பழக்கப்பட்டபடி வகுப்பை விட்டு நடைவழிக்கு வந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்திருக்க வேண்டிய நேரம் அது.

‘வெளியே போ’, ‘உள்ளேயே இரு’ என்ற இரண்டு கட்டளைகளை ஒரே அலாரம் சுமக்க முடியாது. அதனால்தான் வெள்ளை ஸ்ட்ரோப்புக்குப் பக்கத்தில் ஆம்பர், நீலம் என்று நிற ஸ்ட்ரோப்புகள் சுவரேறி வருகின்றன. தேவை நியாயமானது. ஆனால் நிறத்தை மாற்றினாலே செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

விதி என்ன சொல்கிறது? என்எஃப்பிஏ 72-இன்படி, கட்டடத்தை முழுவதும் காலி செய்யச் சொல்லும் தீ எச்சரிக்கை ஸ்ட்ரோப் நிறமற்ற அல்லது வெள்ளை ஒளியாகவே இருக்க வேண்டும். மற்ற அறிவிப்புகளுக்கு, அவசரகாலத் திட்டமும் அனுமதி வழங்கும் அதிகாரியும் கேட்கும் நிறத்தை வைக்கலாம். புயலுக்கு ஆம்பர், கதவடைப்புக்கு நீலம் என்ற பட்டியல் எதுவும் அதில் இல்லை. அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் நீல விளக்கு என்றால் உதவி கேட்கும் அவசரத் தொலைபேசிக் கம்பம். அதே வளாகத்தில் நீல ஸ்ட்ரோப் மின்னினால் மாணவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? ஐரோப்பாவின் இஎன் 54-23 தீ எச்சரிக்கைக்கு வெள்ளையோடு சிவப்பையும் ஏற்கிறது. ஆக, நிறத்தின் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத ஆண்களும் நம் கட்டடங்களில் இருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 12 ஆண்களில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. படுக்கையறையில் ஸ்ட்ரோப்பின் லென்ஸ் கூரையிலிருந்து 24 அங்குலத்துக்குள் இருந்தால் 177 கேண்டிலா தேவை. அதற்கும் கீழே என்றால் 110 போதும். புகை முதலில் கூரையடியில்தான் தேங்கும் என்பதால் இந்த வேறுபாடு. இப்போது 110 கேண்டிலா செனான் ஸ்ட்ரோப் ஒன்றின் தெளிந்த லென்ஸைக் கழற்றி ஆம்பர் லென்ஸைப் பொருத்துங்கள். வடிகட்டி ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். லேபிளில் 110 என்றே இருக்கும். தூங்குபவர் முகத்தில் விழும் ஒளி அந்த அளவு இருக்காது. நிற லென்ஸோடு சோதித்துச் சான்று பெற்ற கருவியை மட்டுமே பொருத்த வேண்டும். சைட்டில் லென்ஸ் மாற்றும் வழக்கத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, மின்னும் வேகம். நொடிக்கு ஒன்று முதல் இரண்டு மின்னல்கள் வரைதான் அனுமதி. ஒரே பார்வையில் இரண்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரோப்புகள் பட்டால் அவை ஒன்றாக மின்ன வேண்டும். ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்களை மனதில் கொண்ட விதி இது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு சுமார் 12 முறை மாறி மின்னியதில், அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். வெள்ளைத் தொகுதியும் ஆம்பர் தொகுதியும் தனித்தனியே ஒத்து மின்னலாம். ஒரே நேரத்தில் இரண்டும் ஓடினால் கண்ணுக்கு எட்டும் வேகம் கூடிவிடும். ஒன்று இயங்கும்போது மற்றொன்று நிற்கும்படி பேனலில் முன்னுரிமையை அமைத்து, கமிஷனிங்கின்போதே இயக்கிக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. சுவர் ஸ்ட்ரோப் கட்டடங்களில் பரவலாக இடம்பெற்றதே காது கேளாதவர்களுக்காகத்தான். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 1991 விதிகள் குறைந்தது 75 கேண்டிலா வெள்ளை ஒளியைக் கேட்டது அவர்களுக்காக. ஆம்பர் மின்னும்போது ஒலிபெருக்கி ‘கதவைப் பூட்டுங்கள், சன்னலை விட்டு விலகுங்கள்’ என்று சொல்லும். காது கேட்பவருக்கு அந்தக் குரல் இருக்கிறது. கேளாதவர் கையில் ஒரு நிறம் மட்டும்தான். எனவே நிற ஸ்ட்ரோப் வைக்கும் இடத்திலெல்லாம் அதே செய்தியை எழுத்தில் காட்டும் பலகையும் வேண்டும். ஒத்திகையில் காது கேளாதவர்களையும் பங்கேற்கச் செய்து, அவர்கள் புரிந்துகொண்டது என்ன என்று கேட்டறிய வேண்டும்.

நம்மில் பலர் வளைகுடா நாடுகளிலும், இங்கே பன்னாட்டு நிறுவனங்களின் வளாகங்களிலும் என்எஃப்பிஏ 72-ஐ வைத்தே வடிவமைக்கிறோம். அடுத்த முறை வாடிக்கையாளர் நீல ஸ்ட்ரோப் கேட்டால், மாடல் எண்ணைத் தேடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இதைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் அவசரகாலத் திட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? அந்தப் பக்கத்தை அவர் காட்டும்வரை டிராயிங்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.