கோச்சியில் போவோம், கடனில் போக வேண்டாம்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். இந்த வருசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? நல்லூர்த் திருவிழாவுக்கா, கிளிநொச்சியில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கா, பதுளைப் பக்கமா? இரண்டு கிழமை பேச்சு நடக்கும். பிறகு யாராவது ஒருவர் வேன்காரரோடு பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார். காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பதினான்கு பேர் ஏற வேண்டிய வேனில் இருபது பேர் ஏறிவிடுவோம். தோட்டை மீட்கத் தீபாவளி அட்வான்ஸ் போகும். தீபாவளிக்கு வேறு கடன் வாங்க வேண்டியதுதான்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நமது வீடுகளிலும் நடந்ததுதான். ஆனால் சங்கத்தின் கூட்டங்களில் சம்பளம், வீடு, காணி என்று பேசும் நாம், குடும்பத்தோடு நாலு நாள் வெளியே போய் வருவதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அதை ஏதோ ஆடம்பரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். “தோட்டத்துச் சனத்துக்கு ஊர் சுற்றல் எதற்கு?” என்று துரைமார் கேட்டால் கோபம் வரும். அதையே நமக்குள் நாமே கேட்டுக்கொள்கிறோம்.

சப்ரகமுவத் தோட்டங்களில் இருக்கிற நமக்குத் தூரப் பயணம் என்பது பெரும்பாலும் உறவைப் பார்க்கப் போவது. 1977இலும் 1981இலும் 1983இலும் நமது பக்கத்தில் நடந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் லயங்கள் எரிந்தன. உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் அங்கேயே காடு வெட்டிக் குடியேறின. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று ஆனது அப்படித்தான். பிறகு யுத்தம். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி நின்றது. கிளிநொச்சிக்கு மறுபடி கோச்சி போனது 2013 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வருசம். அதற்குள் எத்தனை கலியாணம், எத்தனை சாவு! பெரியம்மா பிள்ளைகளை முகம் தெரியாமலே நமது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

சில வீடுகளில் பாட்டிமாருக்குக் கோச்சி என்றாலே பிடிக்காது. அதற்கும் காரணம் இருக்கிறது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் முடிவெடுத்தன. போகிறவர்களைக் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றவர்களும் அழுதார்கள், ஜன்னலில் இருந்தவர்களும் அழுதார்கள். அந்தப் பாட்டியை இன்று பேரப்பிள்ளைகளோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து, திரும்பி வருகிற டிக்கட்டும் கையில் இருக்க வடக்கே கூட்டிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். பயணத்தில் பெரிய செலவு எது என்று கேட்டால் எல்லோரும் வாகனக் கூலி என்போம். அதைவிடப் பெரியதாக நிற்பது விழாமல் போகும் பேர். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்தே பார்ப்போம். கணவனும் மனைவியும் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் எட்டுப் பேர், 10,800 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டியதும் அதற்கேற்பக் குறையும். மூன்றாம் வகுப்பு டிக்கட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் இந்தப் பணம்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே முதல் வேலை லீவுக்கு எழுதிக் கொடுப்பது. முந்தின வருசம் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி சம்பளத்தோடு கூடிய வருடாந்த லீவு நமக்குச் சட்டப்படி உண்டு. அது யாரும் போடும் பிச்சையல்ல. ஆனால் நம்மில் பலர் அதை எடுப்பதே இல்லை. போகிறதுக்கு முதல்நாள் பிரட்டில் நின்று கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் செக்ரோலில் வெறும் இடம். ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பால் வெட்டும் தோட்டங்களில் இருக்கிறவர்கள் மழை நாளில் வேலை இல்லாமல் போவதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மழையில் ஏற்கனவே பேர் குறைந்த மாதத்தில் பயணம் வைத்தால் அந்த மாதச் சம்பளத் துண்டைப் பார்க்கவே முடியாது.

எந்த இடத்தில் கோச்சி ஏறுவது என்பதிலும் நாம் வீணாகச் செலவு செய்கிறோம். கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் வடக்கே போகக் கொழும்புக்குப் போகவே தேவையில்லை. வடக்குப் பாதை மலைநாட்டுப் பாதையை விட்டுப் பிரிகிற இடம் பொல்கஹவெல. கேகாலையிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான். எந்தக் கோச்சி அங்கே நிற்கும் என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கத்துச் சனம் அவிசாவளைக்கு வந்து களனிவெளிக் கோச்சியில் கொழும்புக்குப் போகலாம். பலாங்கொடைக்காரர்கள் பதுளை, எல்ல பக்கம் போவதென்றால் பஸ்ஸில் ஹப்புத்தளைக்கு ஏறி அங்கே கோச்சி பிடிப்பது நேர் வழி. இறக்குவானையிலிருந்து வடக்கே போகிறவர்களுக்குத்தான் பாடு அதிகம். கொழும்பு வரை பஸ், பிறகு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

இந்தப் பாடு முன்பு இருக்கவில்லை என்பதையும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1912இல் இரத்தினபுரிக்குக் கோச்சி வந்தது. 1919இல் ஓப்பநாயக்க வரை போனது. எட்டியாந்தோட்டைக்கும் ஒரு கிளை இருந்தது. தேயிலைப் பெட்டியையும் ரப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரன் அந்தச் சின்னப் பாதையைப் போட்டான், நமக்காக அல்ல. இருந்தும் அதில் நமது சனமும் ஏறிப் போனது. எட்டியாந்தோட்டைத் தண்டவாளத்தை 1942இல் யுத்தக் காலத்தில் கழற்றினார்கள். 1976க்குப் பிறகு இரத்தினபுரிக்கும் கோச்சி இல்லை. மிஞ்சியது அவிசாவளை வரை. அதை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள், அதற்கு அப்பால் ஒரு அடி நீளவில்லை. நாட்டுக்கு மாணிக்கமும் தேயிலையும் ரப்பரும் கொடுக்கிற ஒரு மாவட்டத்தில் ஒரு புகையிரத நிலையம் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் நமது தோட்டங்களுக்கு வருகிறவர்களிடம் இதையும் கேட்க வேண்டும்.

டிக்கட் விசயம். ஆசனம் பதிவு செய்வதென்றால் ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது, விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்தும் விடுகிறது. 2025 ஜனவரியில், எல்ல பக்கம் போகிற கோச்சிகளின் இணைய டிக்கட்டுகள் விற்பனை திறந்த சில வினாடிகளில் மறைந்து கறுப்புச் சந்தைக்குப் போனதைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து ஆட்களைப் பிடித்தது நினைவிருக்கும். கொழுந்து மலையில் நிற்கிற அம்மாவால் அந்த வினாடியில் போனைத் தட்ட முடியுமா? வெளிநாட்டுப் பயணிக்கு விற்கிற விலையில் நம்மால் வாங்க முடியுமா? ஆகவே படித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டார் மற்ற வீட்டாருக்கும் சேர்த்துப் பதிவு செய்து கொடுங்கள். பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும், கோச்சியிலும் அட்டையைக் காட்டச் சொல்வார்கள். அட்டை இல்லாத ஆள் இன்னும் நமது லயங்களில் இருக்கிறார்கள். 2003இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்த பின்னும், பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை, பெயர் மாற்றம் என்று இழுபடுகிறவர்கள் அவர்கள். பயணத்தைச் சாட்டியாவது அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆசனம் கிடைக்காவிட்டால் அன்றைக்கே கவுண்டரில் மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்துப் போகலாம். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அரை டிக்கட்தான். ஆனால் கோட்டையில் இடம் பிடிக்க ஓட வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் திருவிழாவின் கடைசி நாட்களைத் தவிர்ப்பது நல்லது. நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா. தேரும் தீர்த்தமும் கடைசி இரண்டு நாள். எல்லோரும் அந்த இரண்டு நாளுக்கே போவோம், பிறகு சாமியையும் பார்க்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை என்று வருவோம். பத்தாம் திருவிழாவிலும் அதே முருகன்தான்.

புறப்படுவதற்கு முதல்நாள் பாதை திறந்திருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் திருத்த வேலைக்கு என்று வடக்குப் பாதையை மாதக்கணக்கில் மூடினார்கள். கேட்கும்போது தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். பல நிலையங்களில் ஒலிபெருக்கி சிங்களத்தில் மட்டும் பேசிக்கொண்டிருக்க, நமது சனம் அடுத்தவர் முகத்தைப் பார்த்து மேடை மாறுகிறது. இதுவும் சங்கம் எழுதிக் கேட்க வேண்டிய காரியம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அரச உத்தியோகத்தருக்கு வருசத்துக்கு மூன்று முறை குடும்பத்தோடு கோச்சியில் போக விடுமுறை வாரண்ட் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பதை நாம் பொறாமைப்படவில்லை. ஆனால் இருநூறு வருசமாக இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுக்கிற தோட்டத் தொழிலாளிக்கு வருசத்துக்கு ஒரு வாரண்ட் கொடுக்கக் கூடாதா? கோச்சி அரசாங்கத்தினுடையது, புதிதாக வாங்க வேண்டியதில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் வைக்க வேண்டும் என்பது நமது கருத்து. வேண்டாம் என்கிற தோழர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், பிரசுரிப்போம்.

அதுவரை நம்மால் ஆனது இது: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து, இந்த விடுமுறைக்கு வடக்கே போகிற குடும்பங்களின் பட்டியலை எடுங்கள். ஒரே நாளில் போகிறவர்களுக்கு ஒன்றாக லீவு கேட்கலாம், ஒன்றாக டிக்கட் எடுக்கலாம், வழிக்குச் சோற்றுப் பார்சலும் ஒன்றாகக் கட்டலாம். பட்டியல் இந்த மாதச் சம்பள நாளுக்கு முன் தலைவர் கையில் இருந்தால், காதுத் தோடு காதிலேயே இருக்கும்.